ஜானிபெக் பைக்கேயின் வேகமான எஞ்சின்

பிஷ்கேக்கில் பெண் பார்ப்பதற்கு முன்னால் மண்டபம் பார்ப்பார்கள். பெண் எப்படியும் கிடைத்துவிடுவாள், செப்டம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை கிடைக்காது. அதனால் பிப்ரவரியில், ஊரில் தோய் என்கிற கல்யாண விருந்து நடக்கும் மண்டபங்களின் தேதிகளைத் திறந்துவிடும் அந்த ஒரு திங்கட்கிழமை காலையில், கல்யாண வயசுப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கும்.

போன வருஷம் அந்தக் காலையில் எல்லாப் போனிலும் ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சுற்றியது. பதிவு நடத்துகிற கம்பெனியின் முதலாளி ஜானிபெக், மண்டபக்காரர்கள் எல்லாரையும் உட்கார வைத்து விரலை நீட்டிக் காட்டினார்.

"எல்லாம் இந்தப் பொண்ணு பண்ண வேலை. டேட்டாபேஸைப் பாத்துக்கம்மான்னு குடுத்தா, தூங்கிட்டா."

இந்தப் பொண்ணு என்றது ஆய்சுலூவை. அவள் தூங்கவில்லை. தூங்கினாலும் விழித்திருந்தாலும் அது நின்றுதான் இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் பிஷ்கேக் சின்ன ஊர். இந்த வேலை தெரிந்தவர்களெல்லாம் ஒரே சாய்க்கானாவில் டீ குடிக்கிறவர்கள். ஒரு வாரத்துக்குள் 'தோயை நிறுத்தினவ' என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வேறு கம்பெனியில் போய் வேலை கேட்டாள். "ஓ, அந்தத் தோய் ஆளா நீங்க?" என்று சிரித்து, நல்ல டீயாகக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். இந்த வருஷமும் நின்றால் சீட்டுக் கிழியும் என்று ஜானிபெக் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இந்தப் பெயரோடு வெளியே போனால் அப்புறம் எந்தக் கதவைத் தட்டுவது? வேலை போனால் போகிறது, பெயர் இப்படியே நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவளுக்கு ராத்திரி பகல் நினைப்பு.

ஜானிபெக்கை எல்லாரும் பைக்கே என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது அண்ணன். ஒரு காலத்தில் தானே உட்கார்ந்து நிரல் எழுதியவர்தான். இப்போது தொப்பை வந்துவிட்டது, நிரல் மறந்துவிட்டது, பெருமை மட்டும் ஒரு பிடி குறையவில்லை. அந்தப் பெருமையெல்லாம் ஒரு எஞ்சின் மேல்.

தகவலை எப்படி எழுதுவது, யாரை உள்ளே விடுவது, எப்போது பூட்டுவது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள டேட்டாபேஸுக்குள் ஒரு எஞ்சின் உண்டு. எது வேண்டும் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பைக்கே அந்தக் காலத்தில் தேர்ந்தெடுத்தது மைஐசாம். அதன் குணம், பத்துப் பேர் இருக்கிற வீட்டில் ஒரே குளியலறை இருக்கிற மாதிரி. யாராவது ஒரு வரி எழுத வந்தால் மொத்த அட்டவணையையும் பூட்டிக்கொள்ளும். யாராவது உள்ளே நீளமாக எதையோ படித்துக்கொண்டிருந்தால், எழுத வந்தவர் வாசலில் நிற்க வேண்டும். அவர் நின்றால் அவருக்குப் பின்னால் படிக்க வந்தவர்களும் நிற்க வேண்டும். உள்ளே இருக்கிறவர் பாட்டுப் பாடிக் குளித்தால் ஊரே துண்டோடு நிற்கும்.

"இன்னோடிபி எஞ்சினுக்கு மாத்திடலாம் பைக்கே," என்று ஆய்சுலூ எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "ஒருத்தர் ஒரு தேதியை எடுத்தா அந்த ஒரு வரியை மட்டும்தான் பூட்டும். மத்தவங்க அவங்க பாட்டுக்கு மத்த தேதியை எடுத்துட்டுப் போவாங்க."

"ஏம்மா, நீ பள்ளிக்கூடத்துல எழுத்துக் கூட்டிட்டு இருந்தப்ப நான் போட்ட எஞ்சின் அது. மொத்தம் எத்தனை பதிவுன்னு கேட்டா, கேட்டு வாயை மூடறதுக்குள்ள நம்பர் வந்து நிக்குது. உன் இன்னோடிபில வருமா?"

"வரும். கொஞ்சம் மெதுவா வரும். அந்த எஞ்சின் எண்ணிப் பாத்துதான் சொல்லும். ஆனா..."

"மெதுவாவா! டேய் பெக்தூர், கேட்டியா? நம்ம கிட்ட குதிரை இருக்கு, இவங்க கழுதை வாங்கித் தர்றாங்களாம்."

பக்கத்து நாற்காலியில் மெஷின்களைக் கவனிக்கும் பெக்தூர் சிரித்து வைத்தான். முதலாளியின் நகைச்சுவைக்குச் சிரிப்பதும் சம்பளத்துக்குள் அடக்கம்.

அந்த நம்பரில்தான் பைக்கேயின் உயிர். தேதி திறக்கிற காலையில் மண்டபக்காரர்களை அழைத்து, நீள மேஜையில் போர்சோக் பணியாரமும் கைமாக் பாலேடும் குதிரைக்கறித் துண்டும் பரப்பி, கதவுக்கு எதிரே மரியாதை இடத்தில் மூத்தவர் ஷார்ஷென்பெக்கை உட்கார வைப்பார். அந்த அக்சக்கால், அதாவது ஊர்ப் பெரியவர், வெள்ளைக் கல்பாக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைகளை ஏந்தி ஆசி சொல்வார். எல்லாரும் "ஓமீன்" என்று முகத்தைத் தடவிக்கொள்வார்கள். பிறகு அவரே ஒரு பொத்தானை அமுக்குவார். சுவரில் இருக்கிற பெரிய திரையில் பளிச்சென்று நம்பர் வரும். கைதட்டல் முடிவதற்குள் அதற்குப் பின்னாலேயே ஒரு பெரிய அறிக்கை ஓட ஆரம்பிக்கும். எந்த மாவட்டம், எந்த மண்டபம், எத்தனை விருந்தாளி, போன பத்து வருஷத்தில் எது கூடியது, எது குறைந்தது என்று அட்டவணையின் அடிவயிறு வரைக்கும் தோண்டிப் படிக்கும் அறிக்கை. அங்கேதான் குளியலறைக் கதவு சாத்தும். ஊர் துண்டோடு நிற்கும்.

போன வருஷம் ஆய்சுலூ ஓடிவந்து கெஞ்சினாள். "அந்த அறிக்கையை நிறுத்தலாம் பைக்கே, எல்லாரும் அதுக்குப் பின்னாடி மாட்டிட்டாங்க."

"பெரியவர் ஆசி குடுத்துத் தொடங்கி வெச்சதை நடுவுல நிறுத்துவியா? உனக்கு வீட்ல யாரும் மரியாதை சொல்லித் தரலையா?" என்று பைக்கே பல்லைக் கடித்தார். அக்சக்கால் தொட்டதை நிறுத்துகிறவளை அந்த ஊரில் யாரும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் பெக்தூரைத் தவிர யாரும் இல்லாத மத்தியானத்தில், எஞ்சினை மாற்றிவிட்டாள்.

"எஜே, பைக்கேக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு," என்றான் பெக்தூர். அவளை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"நாளைக்கு ஒரு போனும் நிக்காது. மண்டபமெல்லாம் மளமளன்னு போகும். அந்தச் சந்தோஷத்துல நம்பர் ரெண்டு நிமிஷம் தாமதமானா யாருடா கேக்கப் போறாங்க?"

பாவம், இவ்வளவு படித்த பெண்ணுக்கு முதலாளி ஜாதியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை பாருங்கள். கடை ஓடுகிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். விருந்தாளி முன்னால் தன் தலை நிமிர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல்.

திங்கட்கிழமை வந்தது. மாஸ்கோ தெரு ஆபீஸின் மூன்றாம் மாடியில் மேஜை நிறைந்தது. மண்டபக்காரர்கள் வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பைக்கே அன்றைக்கு இரட்டிப்பு மிதப்பில் இருந்தார். மூத்த பையனுக்குச் சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது. பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று, 'ஆக் ஷும்கார்' மண்டபம், செப்டம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை.

"நான் நெனச்சா நேத்தே எடுத்து வெச்சிருக்கலாம்," என்றார் கையை விரித்து. "ஆனா நம்ம கம்பெனியில நியாயம்னா நியாயம். என் பொண்டாட்டியே இப்ப வீட்ல போனோட வரிசையில உக்காந்திருக்கா. கேட்டுப் பாருங்க!"

"நல்லது, நல்லது," என்றார் ஷார்ஷென்பெக், போர்சோக்கைக் கைமாக்கில் தோய்த்தபடி.

மணி பத்து. ஆய்சுலூ மூலையில் தன் திரை முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேதிகள் திறந்தன. பதிவுகள் மழை மாதிரி கொட்ட ஆரம்பித்தன. ஓஷ்ஷில் ஒரு மண்டபம், கராகோலில் ஒன்று, நகரத்தில் வரிசையாக. ஒன்றும் நிற்கவில்லை, ஒருத்தருக்காக இன்னொருத்தர் காத்திருக்கவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் மெல்ல நகர்ந்தது.

மேஜையில் ஆசி முடிந்தது. "ஓமீன்." அக்சக்கால் பொத்தானை அமுக்கினார். எல்லாரும் கைதட்டுவதற்குக் கையைத் தூக்கினார்கள்.

பெரிய திரையில் சக்கரம் சுற்றியது.

தூக்கின கை தூக்கினபடி இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக மேஜைக்கு இறங்கி, குதிரைக்கறித் துண்டைத் தேடிப் போனது. யாரோ இருமினார்கள். டீ ஆறியது. ஒரு மண்டபக்காரர் பக்கத்து ஆளிடம், "வேகமான எஞ்சின்னு சொன்னாரே, வண்டி எஞ்சினைச் சொன்னாரோ?" என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. ஒருவழியாக நம்பர் வந்தபோது அதைப் பார்க்க யாரும் தலையைத் தூக்கவில்லை. பைக்கேயின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"ஆய்சுலூ! என் எஞ்சினை என்ன பண்ணின?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை. "மாத்திட்டேன் பைக்கே. நேத்து. தயவுசெஞ்சு இந்தப் பக்கம் பாருங்க, பதிவெல்லாம் எப்படிப் போகுதுன்னு..."

"யாரைக் கேட்டு மாத்தின?"

"கேட்டா நீங்க விட மாட்டீங்க. பாருங்க பைக்கே, ஒரு போன் கூட நிக்கல. போன வருஷம் இந்நேரம்..."

"போன வருஷம் நீ என் மானத்தை வாங்கின, இந்த வருஷமும் வாங்கிட்ட! எல்லார் முன்னாடியும் சொல்றேன், இன்னையோட உனக்கு இங்க வேலை இல்ல. கோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!"

டேட்டாபேஸுக்குள் போகிற உரிமை இரண்டே பேருக்குத்தான், அவளுக்கும் அவருக்கும். அங்கேயே, எல்லாரும் பார்க்க, ஆய்சுலூவின் கடவுச்சொல்லை அவர் ரத்து செய்தார். அதற்குப் பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. எஞ்சினை மாற்றுகிற ஒரு வரிக் கட்டளை மட்டும் அவருக்கு அந்தக் காலத்திலிருந்து மனப்பாடம். தட்ட ஆரம்பித்தார்.

"பைக்கே, வேணாம்," என்றான் பெக்தூர், அன்றைக்கு முதன்முறையாகச் சிரிக்காமல். "இவ்ளோ கூட்டம் இருக்கறப்ப மாத்தினா ஒருத்தராலயும் பதிய முடியாது. சாயங்காலம் மாத்திக்கலாம்."

"நீயும் அவ கூடவே கோட்டை எடுத்துக்கறியா?"

பெக்தூர் உட்கார்ந்துவிட்டான். பைக்கே அமுக்கினார். கொட்டிக்கொண்டிருந்த மழை குழாயை மூடின மாதிரி நின்றது. ஊர் முழுக்கப் போனில் தேதி கண்ணுக்குத் தெரிந்தது, அமுக்கினால் கைக்கு வரவில்லை. மண்டபக்காரர்களின் போன்கள் ஒவ்வொன்றாக அலற ஆரம்பித்தன. பைக்கே கையைக் காட்டி எல்லாரையும் உட்கார வைத்தார். "ரெண்டே நிமிஷம்! பழைய குதிரையைக் கொட்டில்ல இருந்து கூட்டிட்டு வர்றேன்."

சில நிமிஷத்தில் மாற்றம் முடிந்தது. பைக்கே பொத்தானை எடுத்துவந்து அக்சக்கால் முன்னால் வைத்தார். "அத்தா, இன்னொரு தடவை. உங்க கைராசி."

ஷார்ஷென்பெக் அமுக்கினார். கண் இமைக்கவில்லை, பளிச்சென்று நம்பர்! பைக்கே தன் தொடையில் ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களா! இதுக்குப் பேர்தான் எஞ்சின்!" மண்டபக்காரர்கள் கைதட்டினார்கள். பாதிப் பேர் மரியாதைக்கு, பாதிப் பேர் இத்தோடு விட்டால் போதும் என்று. கைதட்டல் முடிவதற்குள் பின்னாலேயே அந்தப் பெரிய அறிக்கை ஓட ஆரம்பித்தது.

கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே போய்விட்ட ஆய்சுலூ நின்றாள். அடுத்து என்ன நடக்கும் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். போய்த் தொலையட்டும் என்று கிளம்பியிருக்கலாம். கால் நகரவில்லை.

இப்போது தேதியே தெரியவில்லை. எல்லாப் போனிலும் அதே சின்னச் சக்கரம். அறையில் ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் பைக்கேயின் போன் அடித்தது. வீட்டிலிருந்து, அவர் மனைவி குல்சாத். அவர் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"என்னங்க இது! வெள்ளிக்கிழமையை எடுத்து, ரெண்டு வீட்டுப் பேரையும் கேட்டுக் கேட்டுப் போட்டு, கடைசிப் பொத்தானை அமுக்கிட்டு உக்காந்திருக்கேன், சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு! சம்பந்தியம்மா பக்கத்துலயே உக்காந்து என் மூஞ்சியைப் பாக்கறாங்க! ஏதாவது பண்ணுங்க!"

பைக்கே திரும்பினார். "பெக்தூர், அறிக்கையை நிறுத்து!"

"எனக்கு உள்ள போக உரிமை இல்லையே பைக்கே. நீங்கதான் நிறுத்தணும்."

அவருக்கு நிறுத்தத் தெரியாது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. விரல் விசைப்பலகை மேல் வட்டமிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. தப்பிக்க ஒரு வழி தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருந்தாலும்... அத்தா ஆசி சொல்லித் தொடங்கி வெச்சது. நடுவுல நிறுத்தறது மரியாதை இல்ல."

"நான் எதைடா தொடங்கினேன்?" என்றார் ஷார்ஷென்பெக். வாயிலிருந்த போர்சோக்கை அவசரமாக விழுங்கினார். "கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்னு ஆசி சொன்னேன். நீ பொத்தானைக் காட்டின, அமுக்கினேன். என் ஆசிக்கும் உன் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? நிறுத்துடா!"

"மெஷினையே நிறுத்திடவா?" என்று பெக்தூர் எழுந்தான்.

"ஐயோ, வேணாம்டா!" கதவருகிலிருந்து ஆய்சுலூ கத்தினாள். "இந்த எஞ்சின்ல அப்படிப் பண்ணா அட்டவணையே நொறுங்கிப் போகும். ஒரு கல்யாணமும் மிஞ்சாது."

அக்சக்கால் அவள் பக்கம் திரும்பினார். "மகளே, உன்னால நிறுத்த முடியுமா?"

"முடியும் அத்தா. ஒரே ஒரு வரி போதும். ஆனா என் கடவுச்சொல்லைப் பைக்கே இப்பதான் ரத்து பண்ணாரு."

மேஜையில் இருந்த அத்தனை தலையும் பைக்கே பக்கம் திரும்பியது. ஸ்பீக்கரில் சம்பந்தியம்மாவின் பெருமூச்சு கூடக் கேட்டது. பைக்கே குனிந்து, எல்லாரும் பார்க்க, தான் பூட்டினதைத் தானே திறந்தார். ஆய்சுலூ கோட்டைக் கழற்றாமலே வந்து, நின்றபடியே தட்டினாள். அறிக்கை செத்தது. வாசலில் நின்றவர்களெல்லாம் வரிசைப்படி உள்ளே போனார்கள். சக்கரங்கள் நின்றன.

"என்னங்க!" குல்சாத்தின் குரல் வீறிட்டது. "போச்சு! 'இந்தத் தேதி பதிவாகிவிட்டது'ன்னு வருது! வேற யாரோ எடுத்துட்டாங்க!"

"அது எப்படி..." என்று பைக்கே குழறினார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு முன்னாடி ஒருத்தர் வரிசையில நின்னிருக்காங்க பைக்கே," என்றாள் ஆய்சுலூ. "பூட்டு திறந்ததும் அவங்க முதல்ல போயிட்டாங்க. நம்ம கம்பெனியில நியாயம்னா நியாயம்னு நீங்கதானே சொன்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிற முகங்களைப் பார்க்கிற கொடுமை சிரிப்பைவிடப் பெரிது. ஷார்ஷென்பெக் கல்பாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதையோ ஞாபகப்படுத்துகிறவர் மாதிரி நெற்றியைத் தேய்த்தார்.

"ஜானிபெக், ஒண்ணு கேக்கறேன். போன வருஷமும் இதே மாதிரிதானே? நான் அமுக்கினேன். டக்குன்னு நம்பர் வந்துச்சு. கை தட்டினோம். அப்புறம் எல்லாம் நின்னுச்சு."

பைக்கே ஆறிப்போன டீயை எடுத்தார்.

"இன்னைக்கு இந்தப் பொண்ணு மாத்தி வெச்ச வரைக்கும் எதுவும் நிக்கல. நீ மாத்தின, நின்னுச்சு. அப்ப போன வருஷம் எங்க எல்லாரையும் உக்கார வெச்சு இவளை ஏன்டா திட்டின?"

இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆய்சுலூ ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். ஊரிலுள்ள மண்டபக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில், அவர்களில் மூத்தவர் வாயிலிருந்து வந்துவிட்டது. இனி சாய்க்கானாவில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி, சரி, போய் உக்காரு ஆய்சுலூ," என்றார் பைக்கே மெல்ல, யாருக்கும் கேட்காத குரலில். "வேலையைப் பாரு."

"வேலை இல்லன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னீங்க பைக்கே. இதையும் அதே மாதிரி சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். தப்பிக்க ஒரு முகம் கூடக் கிடைக்கவில்லை. "ஆய்சுலூ இங்கதான் வேலை செய்வா," என்றார், கல்லை மென்று துப்புகிற மாதிரி. "எஞ்சினும்... சாயங்காலம் அவ சொன்னதுக்கே மாத்திடலாம்."

"எந்த ஆய்சுலூ?" போன் இன்னும் அணையவில்லை. "போன வருஷம் பூரா ராத்திரிச் சாப்பாட்டுல முட்டாளு முட்டாளுன்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணா? அதுகிட்ட போனைக் குடுங்க முதல்ல!"

ஆய்சுலூ போனை வாங்கினாள். திரையைப் பார்த்தாள். நிதானமாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"அதே மண்டபத்துல முந்தின நாள் வியாழக்கிழமை காலியா இருக்கு எஜே. இப்பவே அமுக்கிடுங்க, உங்க வீட்டுக்காரரு மறுபடி எதையாவது அமுக்கறதுக்குள்ள."